ஆயத்த வேடமும் ஆடுவோர் மறுப்பும்

கதை கேட்பது எளிது. கதை சொல்வது அதனினும் அரிது. பலர் ஒருங்கு கூடி, முடிவு இன்னதென ஒருவரும் அறியாத ஒரு கதையைத் தத்தம் வாய்மொழியாலேயே நடத்திச் செல்வது இவ்விரண்டினும் அரிது. இம்மூன்றாவதை ஒரு விளையாட்டாக வகுத்து, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் வழக்கம் சென்ற ஐம்பது ஆண்டுகளாக உலகிற் பரவி, இன்று நம் நாட்டு மாணவரிடையேயும் இடம்பெற்று வருகிறது. இதனை வேடக்கதை விளையாட்டு என்று நாம் இங்கே வழங்குவோம். இவ்விளையாட்டில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு சிக்கலையும், அதற்குத் திருச்சுழிச் சீமையின் நாடக மேடை காட்டும் வழியையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் விளையாட்டின் இயல்பைச் சொல்வோம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரால் மூன்று சிறு நூல்களை வெளியிட்டனர். பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் போர் ஆடும் பழைய விளையாட்டே இதற்கு மூலம். ஆயின் இப்புதிய ஆட்டத்தில் ஒருவர் ஒரு படையை நடத்துவதில்லை. ஒரு தனி மனிதராகவே நின்று ஆடுகிறார். ஒருவர் நடத்துநராக அமர்ந்து, இடத்தையும் நிகழ்ச்சியையும் எதிர்ப்படுவோரையும் வருணிப்பார். மற்றையோர் தத்தம் பாத்திரம் யாது சொல்கிறது, யாது செய்கிறது என்று கூறுவர். செய்கை கைகூடுமோ கூடாதோ என்ற ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டித் தீர்ப்பர். வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, கைத்திறன், பிறரை ஈர்க்கும் ஆற்றல் எனப் பாத்திரத்துக்கு ஆறு தன்மைகள் உண்டு. முதல் நூலின் விதிப்படி ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டி, ஒவ்வொரு தன்மைக்கும் 3 முதல் 18 வரை ஓர் எண் வரையறுத்தனர். பாண்டியாட்டத்திலும் தாயத்திலும் போல ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பது இதன் நோக்கமன்று. எல்லாரும் கூடி ஒரு கதையை ஈட்டுவதே பயன்.

ஆடுவோர் தத்தம் பாத்திரத்தைத் தாமே புனைந்துகொள்வது பொதுவழக்கு. ஆனால் விதிநூல்கள் தடித்துவிட்ட பிற்காலத்தில் இப்புனைவுக்கே ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடுவதுண்டு. புதியவர் ஒருவர் வந்து அமர்ந்து, கதை தொடங்குமுன் மூன்று மணி நேரம் கணக்கெழுதிக் களைத்து எழுந்து போவாராயின், அவர் மீண்டும் வருவார் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே நடத்துநரே பாத்திரங்களை முன்னதாக எழுதி, ஆளுக்கொரு தாளாகக் கையிற் கொடுக்கும் முறை தோன்றியது. இதனையே ஆயத்த வேடம் என்கிறோம். 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ‘ஆரிஜின்ஸ்’ என்னும் விளையாட்டு விழா நடந்தபோது, கைகாக்ஸ் எழுதிய ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற கதை போட்டியாக ஆடப்பெற்றது. பல குழுக்கள் ஒரே கதையை ஆடும் போட்டியில் ஒரு குழு வலியோராகவும் மற்றொன்று எளியோராகவும் தொடங்குவது நீதியாகாது. எல்லார்க்கும் ஒரே வகைப் பாத்திரங்களை ஆயத்தமாகக் கொடுத்தால் அக்குறை நீங்கும். 1978இல் அக்கதை நூலாக வெளிவந்தபோது ஆயத்தப் பாத்திரங்களின் பட்டியலும் அதனுடன் சேர்ந்தே வந்தது. பின்னர் 2009இல் ஜான் ஹார்ப்பர் என்பார் ‘லேடி பிளாக்பேர்ட்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். அதில் புனைந்துகொள்ளும் வேலையே இல்லை. ஐந்து பாத்திரங்கள் ஆயத்தமாகவே நிற்கின்றன. ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள பற்றும் மறைவும் தாளிலேயே குறிக்கப்பட்டுள்ளன. கதை அவற்றிலிருந்தே முளைக்கிறது.

இம்முறையின் நன்மைகள் வெளிப்படை. காலம் மிஞ்சும்; புதியவர் உடனே ஆட்டத்துள் நுழைவர்; பாத்திரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். ஆயினும் தாளைக் கையில் வாங்கியவர் முகம் எப்பொழுதும் மலர்வதில்லை. “இது நான் படைத்த ஆள் அன்று, இவனை எனக்குப் பிடிக்கவில்லை” என்பார் ஒருவர். “தாளில் எழுதியபடி நான் ஏன் நடக்கவேண்டும்?” என்பார் மற்றொருவர். “எனக்கு மட்டும் ஏன் சிறிய வேடம்?” என்பார் மூன்றாமவர். “இவ்வேடத்தை ஆட என் மனம் ஒப்பவில்லை” என்று மெல்லிய குரலிற் சொல்வாரும் உளர். இம்மறுப்புகளை எல்லாம் முரட்டுத்தனம் என்று அடக்கிவிடும் நடத்துநரும், எல்லாவற்றுக்கும் இணங்கி ஆட்டத்தையே கைவிடும் நடத்துநரும் ஒருசேரப் பிழைபடுகின்றனர். மறுப்பு எத்தகையது என்று பகுத்தறிந்த பின்னரே மறுமொழி சொல்லல் வேண்டும்.

இவ்வாறு பகுத்தறியும் கலையைக் கற்க நாம் கடல் கடந்து போகவேண்டுவதில்லை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சென்று, பங்குனி சித்திரை மாதங்களில் யாதானும் ஒரு சிற்றூரின் பொங்கல் விழாவில் ஓரிரவு கண்விழித்தால் போதும். அங்கே நடைபெறும் ‘ஸ்பெஷல் நாடகம்’ உலகில் எங்குமுள்ள ஆயத்த வேட ஆட்டங்களுக்கு மூத்த உறவு என்று சொல்லல் மிகையாகாது.

குண்டாறு பாயும் சீமையாயினும் அவ்வாற்றில் நீரோடும் நாட்கள் சிலவே. வானம் பார்த்த கரிசலும், கண்மாயை நம்பிய வயலும், அருப்புக்கோட்டையின் தறியொலியும் அந்நாட்டின் அடையாளம். இத்தகைய சீமையில் நாற்பது ஐம்பது பேர் கொண்ட ஒரு நாடகக் கம்பெனியை மாதக்கணக்கில் வைத்துச் சோறிடச் சிற்றூர்களால் இயலாது. தலைக்கட்டு வரி போட்டுச் சேர்த்த பணத்தில் ஓரிரவு நாடகம் ஒன்றே இயலும். அதற்கேற்ற வடிவம் இது. ராஜபார்ட் ஓரூரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் நடனமாடுபவரும், ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிப்பவர்களும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுவர். ஒவ்வொருவரையும் தனியே அமர்த்துவதனாலேயே ஸ்பெஷல் என்ற பெயர் வழங்குகிறது. ஒத்திகை கிடையாது; இயக்குநர் என்று ஒருவர் இல்லை. முன்பின் சேர்ந்து ஆடாதவர்களும் அன்றிரவு மேடையில் ஏறி விடியும்வரை வள்ளி திருமணத்தையோ, பவளக்கொடியையோ, அரிச்சந்திரனையோ நடத்தி முடிக்கின்றனர்.

இஃது எங்ஙனம் கைகூடுகிறது? பாத்திரம் ஆயத்தமாக இருப்பதனால் கைகூடுகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய நாடகங்களின் பாட்டும் வசனமும் நடிகர் அனைவர்க்கும் பொதுச்சொத்து. வள்ளி என்றால் இன்னவள், நாரதர் என்றால் இன்னவர், முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வருவான் என்பதெல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டவை. கதையின் முடிவுங்கூட ஊரறிந்தது. வள்ளிக்குத் திருமணம் நடந்தே தீரும். இத்துணையும் கட்டிவைத்த பின்னர் நடிகருக்கு எஞ்சுவது யாது என்று ஒருவர் வினவலாம். எஞ்சுவதே நாடகம் என்க. தினைப்புனத்தில் வள்ளியும் நாரதரும் புரியும் தர்க்கத்தை நோக்குக. எவர் எந்தக் கேள்வியைத் தொடுப்பார், எதிராளி எவ்வாறு மடக்குவார் என்பது அன்றிரவே தெரியவரும். கூட்டத்தார் தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்காருவது அவ்விடத்திலேதான். வேடம் யார் என்பதை மரபு கொடுத்தது. அவ்வேடம் என்ன பேசும் என்பதை நடிகர் கொடுக்கிறார். ஆயத்த வேடத்தின் இலக்கணம் முழுதும் இவ்வொன்றில் அடங்கும்: ஆளைக் கொடுக்கலாம்; அவன் வாயைக் கட்டலாகாது.

இவ்விலக்கணத்தின் உயர்ந்த சான்று அதே சீமையிலேயே உண்டு. சிவகாசியிற் பிறந்த விசுவநாத தாஸ் (1886–1940) ஸ்பெஷல் நாடக மேடையிற் புகழ்பெற்றவர். அவர் ஏற்ற முருகன் வேடம் அவருக்கென்று எழுதப்பட்டதன்று. நூற்றுக்கணக்கானோர் கட்டிய வேடமே. ஆயினும் தினைப்புனத்துப் பறவைகளைப் பற்றிய இடம் வந்தபோது, வெள்ளைக் கொக்கை ஆங்கில ஆட்சிக்குக் குறிப்பாக்கிப் பாடி, கூட்டத்தைச் சுதந்திர உணர்ச்சியில் ஆழ்த்தினார். அதற்காகப் பலமுறை சிறை புகுந்தார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில் அதே முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார். பிறர் தைத்த சட்டையும் அணிந்தவர் உடலுக்கேற்பத் தன் வடிவைப் பெறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? “என் பாத்திரம் அன்று” என்று வருந்தும் ஆட்டக்காரருக்கு நாம் முதலிற் சொல்லத்தக்கது இவ்வரலாறே.

எனினும் ஆயத்த வேடத்துக்கு ஒரு கொடிய முகமும் உண்டு. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலர் நாடக சபைகள் பல எழுந்தன. சங்கரதாஸ் சுவாமிகளே 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். இத்தகைய சபைகளில் சிறுவர்களே ஆண் வேடமும் பெண் வேடமும் பூண்டனர். அச்சபைகள் தமிழுக்குச் சிறந்த நடிகர் பலரைத் தந்தன என்பது உண்மை. ஆயின் எட்டு வயதுச் சிறுவனிடம் வேடத்தைக் கொடுக்கும்போது அவன் விருப்பத்தை எவரும் கேட்டதில்லை என்பதும் உண்மை. ஸ்பெஷல் நாடக நடிகரோ ஊரும் நாளும் வேடமும் ஊதியமும் அறிந்து, ஒப்புக்கொண்டபின்னரே வண்டியேறுகிறார். இரண்டிலும் வேடம் ஆயத்தமே. ஒன்றில் இசைவு உண்டு, மற்றொன்றில் இல்லை. மேசை விளையாட்டின் நடத்துநர் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அதே சுவாமிகள், சிறுவராயிருந்த டி. கே. சண்முகத்துக்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஓரிரவில் எழுதினார் என்று நாடக வரலாறு கூறும். ஆளை நோக்கி வேடம் வகுப்பதும் ஆசிரியர் கடமை என்பதற்கு அவரே சான்று.

இனி, மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, அறியாமையால் எழும் மறுப்பு. தாளில் எண்களும் குறிகளும் நிறைந்திருக்கக் கண்டு புதியவர் மலைத்து, “எனக்கு இது வராது” என்பார். இவருக்கு வேண்டுவது வேறு வேடமன்று, எளிய தாள். அரைப்பக்கத்துக்கு மேற்படாமல், இவர் யார், இவருக்கு இன்று வேண்டுவது யாது, இவரால் நன்றாகச் செய்யத்தக்கவை எவை என்ற மூன்றையும் வாக்கியமாகவே எழுதுக. விதிகளை அவ்வவ் விடம் வரும்போது சொல்லிக்கொடுக்கலாம். நீச்சல் கற்பவனைக் கரையில் நிறுத்தி இலக்கணம் ஓதுதல் பயன்தராது.

இரண்டாவது, உரிமையால் எழும் மறுப்பு. “இவன் என்னுடையவன் அல்லன்” என்பது இதன் சுருக்கம். இது நியாயமான மறுப்பேயாகும். இதற்கு மருந்து மூன்று. ஆடுவோர் ஐவராயின் தாள் ஏழாக இருக்கட்டும். அப்பொழுது கடைசியாக எடுப்பவருக்கும் தெரிவு உண்டு. பெயரை எழுதாமல் விடுக. பெயரிட்டவர் தாய்போல் ஆவர். ஒவ்வொரு தாளிலும் விடையெழுதாத ஒரு கேள்வியை வைக்குக. அதன் விடையை ஆடுபவரே தீர்மானிக்கட்டும். அக்கேள்விக்கு விடை சொன்ன கணத்திலே கொடுத்த பாத்திரம் எடுத்த பாத்திரமாகிவிடும்.

மூன்றாவது, “தாளில் எழுதியபடி நான் ஏன் நடக்கவேண்டும்?” என்னும் மறுப்பு. இங்கே குற்றம் பெரும்பாலும் ஆடுபவரிடத்தில் இல்லை. தாளை எழுதியவரிடத்திலே உள்ளது. “இவன் கோழை, ஆபத்தைக் கண்டால் ஓடுவான்” என்று எழுதுவது வாயைக் கட்டுவதாகும். “இவன் தந்தை வெள்ளத்தில் இறந்தார்; அன்று முதல் இவன் இரவில் கண்மாய்க்கரை ஏறியதில்லை” என்று எழுதுவது வழி திறப்பதாகும். முன்னது செய்கையைக் கட்டளையிடுகிறது; பின்னது சூழ்நிலையைக் கொடுத்துச் செய்கையை ஆடுபவரிடமே விடுகிறது. அன்றிரவு அவன் கரையேறினால் அது வீரம், ஏறாவிட்டால் அது துயரம், இரண்டும் கதையே.

நான்காவது, வேடம் சிறிது என்னும் மறுப்பு. ஸ்பெஷல் நாடகத்தில் பபூனை அரசனாக எவரும் கருதுவதில்லை. ஆயினும் இரவு பத்து மணிக்கு முதலில் மேடையேறி, சிதறிக்கிடக்கும் கூட்டத்தைச் சிரிப்பால் ஒன்றாகக் கட்டுபவர் அவரே. அவர் சோர்ந்தால் ராஜபார்ட் வந்து பாடுவது வெறும் மணலுக்கே ஆகும். ஆகவே ஒவ்வொரு ஆயத்த வேடத்துக்கும் அவரன்றிப் பிறரால் இயலாத செயல் ஒன்றையேனும் நடத்துநர் அமைத்தல் வேண்டும். அவ்வாறு அமைக்க இயலாத வேடத்தைக் கொடுத்துவிட்டு, ஆடுபவர் மனங்குறைகிறார் என்று குறைகூறுதல் முறையன்று.

இவற்றை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஐப்பசி அடைமழையில் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் ஒன்று கழுத்தளவு நிறைந்து, கரை கசியத் தொடங்கிய ஓரிரவே கதை என்று வைத்துக்கொள்வோம். கலுங்கு வழியாகப் போகும் நீர் போதவில்லை. ஓரிடத்திற் கரையை நாமே வெட்டிவிட்டால் ஊர் பிழைக்கும். அவ்வெட்டுக்கு எதிரேயுள்ள வயல் அழியும். எங்கே வெட்டுவது என்பதே சிக்கல். பாத்திரங்கள் ஐவர். நீர்பாய்ச்சி, கரையின் பலவீனமான இடத்தை அறிந்த ஒரே ஆள். கோடையில் அப்பழுதை ஊர்க்கூட்டத்திற் சொன்னாரா, சொல்லாது மறைத்தாரா என்பது அவர் தாளிலுள்ள கேள்வி. கீதாரி, கீழ்வயலிற் கிடை போட்டிருக்கும் ஆடுகளுக்குப் பொறுப்பாளி; இருளிலும் வழி தவறாதவர்; அந்த ஆடுகள் யாருடையவை என்பது கேள்வி. பட்டாளத்திலிருந்து திரும்பியவர், தம் சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கிய வயல் கரைக்கு நேர்கீழே உள்ளது; மண்மூட்டை அடுக்கி அணைபோடக் கற்றவர் அவர் ஒருவரே; அவ்வயலை யாருக்காக வாங்கினார் என்பது கேள்வி. பள்ளி ஆசிரியை, தாழ்ந்த தெருவின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற் சேர்த்து வைத்திருப்பவர். ஊரில் எல்லாத் தெருவாரும் சொற்கேட்கும் ஒருவர். இன்னும் வந்துசேராத பிள்ளை எது என்பது கேள்வி. பபூன், மழையால் நாடகம் நின்று ஊருக்குத் திரும்ப வழியின்றித் தங்கியவர். எவர் பக்கமும் சாராதவர் ஆதலின் சண்டையை நிறுத்தவல்லவர். இவ்வூரில் அவர் முன்னர் வாழ்ந்ததுண்டா என்பது கேள்வி. ஈண்டு எவர் நல்லவர் எவர் தீயவர் என்று நாம் எழுதவில்லை. எவரும் இன்னது செய்வர் என்றும் எழுதவில்லை. எனினும் ஐவரையும் ஒரு கரைமேல் நிறுத்தினால் கதை தானே பிறக்கும் என்பதை வாசகர் உணர்வர்.

ஐந்தாவது, மனச்சான்றால் எழும் மறுப்பு. சிலருக்குச் சில வேடங்கள் பழைய துயரைக் கிளறும். சிலருக்குச் சில செயல்களை விளையாட்டிலும் செய்ய மனம் வாராது. இவரிடம் காரணம் கேட்டு வாதாடுதல் தகாது. கே. பி. சுந்தராம்பாள் வரலாறு இங்கே வழிகாட்டும். அவர் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபின், எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று அவர் உறுதிபூண்டார். அவ்வுறுதியை உடைக்க முயலாமல் அதற்கேற்ற வேடத்தைத் தேடியபோது கிடைத்ததே 1935இல் வெளிவந்த நந்தனார் படம். அதில் அவர் நந்தனாராகிய ஆண் வேடத்தையே பூண்டார். மறுப்பு கலையை அழிக்கவில்லை; புதிய வழியிற் செலுத்தியது. மேசை விளையாட்டுக்காரரும் இந்நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் இதற்கொரு எளிய முறை கண்டனர். பெருக்கற்குறி இட்ட அட்டை ஒன்றை மேசை நடுவில் வைப்பர். எவரேனும் அதைத் தொட்டால் அப்பொழுது நடக்கும் நிகழ்ச்சி உடனே கைவிடப்படும், காரணம் கேட்பதில்லை. சொல்லத் தயங்குவோர் பலராகிய நம் நாட்டில் இம்முறை இரட்டிப்பான பயன் தரும். வகுப்பில் கைதூக்கிக் கேள்வி கேட்கவே கூசும் மாணவர், விளையாட்டில் “எனக்கு இது வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்வர் என எதிர்பார்த்தல் பேதைமை.

ஆறாவது மறுப்பு ஒன்று உண்டு, அதற்கு இணங்கலாகாது. வேடத்தின்மேல் அன்றி, உடன் ஆடும் மனிதர்மேல் எழும் மறுப்பே அது. முன்னர்ச் சொன்ன விசுவநாத தாஸ் முடிதிருத்தும் தொழிலுக்குரிய மருத்துவர் குலத்திற் பிறந்தவர். நாடெங்கும் அவர் குரலுக்குக் கூட்டம் திரண்ட காலத்திலும், அக்குலத்தைக் காரணம் காட்டி அவரோடு மேடையேற மறுத்த நடிகர் இருந்தனர். மேடையில் அவர் முருகனாக நிற்கும்போது வணங்கத் தயங்காத உலகம், வேடத்தைக் களைந்தவுடன் விலகி நிற்க விரும்பியது. மறுப்போருக்கும் உரிமை உண்டு என்று நாம் மேலே பலவாறு எடுத்துக்காட்டினோம். ஆனால் அவ்வுரிமை தன் கையிலுள்ள தாளோடு முடிகிறது. அடுத்தவர் அமர்ந்திருக்கும் இருக்கையைத் தொடாது. “இவரோடு ஆடேன்” என்று பிறப்பையோ, மதத்தையோ, ஆண் பெண் என்பதையோ சுட்டிச் சொல்பவருக்கு வேறு தாள் கொடுத்தும் பயனில்லை. எழுந்து போக வழி மட்டும் காட்டலாம். நடத்துநர் இவ்விடத்தில் நயமாகப் பேசி நழுவுவாராயின், போவது மறுத்தவர் அல்லர், மறுக்கப்பட்டவர். ஒரு சொல்லும் சொல்லாமல் அவர் மறுவாரம் வராமல் நின்றுவிடுவார். ஆட்டம் மட்டும் ஒன்றும் நடவாததுபோல் தொடரும். அத்தொடர்ச்சியைவிட ஆட்டம் அன்றே கலைந்துபோதல் நன்று.

இம்மறுப்புகளுக்குக் காலமும் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் கால்மணி நேரத்தை இதற்கென ஒதுக்குக. தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றையும் இரண்டு வாக்கியத்தில் அறிமுகம் செய்து, “எதனை மாற்றினால் இவர் உங்களுக்கு இசைவார்?” என்று கேட்கவேண்டும். “ஏன் பிடிக்கவில்லை?” என்ற கேள்வி ஆளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது, “எதனை மாற்றலாம்?” என்பதோ அவரைத் துணையாசிரியர் ஆக்குகிறது. ஆட்டத்தின் நடுவே தீர்ப்பைப் பற்றி மறுப்பு எழுமாயின், நடத்துநர் ஓரிரு நிமிடம் கேட்டு, அப்பொழுதைக்கு ஒரு முடிவு சொல்லி மேலே செல்லட்டும். விதியை விரித்து ஆராய்வது ஆட்டம் முடிந்தபின் ஆகலாம். ஒருவருடைய வழக்குக்காக நால்வர் கொட்டாவி விட்டு அமர்ந்திருத்தல் ஆகாது. ஆயின் மனச்சான்றின் மறுப்பை மட்டும் ஆட்டம் முடியும்வரை ஒத்திவைக்கலாகாது. அதனை அக்கணமே கேட்டாக வேண்டும்.

இவையெல்லாம் ஒரு பொழுதுபோக்குக்கு மிகையல்லவோ என்று சிலர் கருதக்கூடும். அங்ஙனம் கருதற்க. நம்முள் ஒவ்வொருவரும் பிறக்கும்போதே சில ஆயத்தத் தாள்களைக் கையிற் பெற்றே வருகிறோம். இன்ன குலம், இன்ன ஊர், மூத்தவன், பெண்பிள்ளை, தறிக்காரர் மகன், வறண்ட காட்டு விவசாயியின் மகள் என்று பிறர் எழுதியவை அவை. அவற்றுள் எதனை ஏற்பது, எதனை மாற்றுவது, எதனை மறுப்பது என்று அச்சமின்றிப் பேசப் பழகும் இடம் நம் இளைஞருக்கு மிகச் சிலவே. தோற்றால் இழப்பொன்றும் இல்லாத ஒரு மேசையைச் சுற்றி அப்பழக்கம் வருமாயின் அது சிறு பயன் அன்று. ஒருவர் ‘மாட்டேன்’ என்று சொல்லக் கேட்டும் சினவாதிருக்கப் பழகுவது நடத்துநருக்கு அதனினும் பெரும் பயன்.

ஆதலின் மாணவ நண்பர்களே, வருகின்ற விடுமுறையில் நால்வரோ ஐவரோ கூடி இதனை முயன்று பாருங்கள். விலையுயர்ந்த நூல்களும் அயல்நாட்டுப் பகடைகளும் வேண்டுவதில்லை. ஏழு தாளும், ஒரு எழுதுகோலும், தாயக்கட்டை இரண்டும் போதும். உங்கள் ஊர்க் கண்மாயையே கதைக்களமாகக் கொள்ளுங்கள். வேடத்தைக் கனிவோடு கொடுங்கள்; மறுப்பைப் பொறுமையோடு கேளுங்கள்; எவர் வந்து அமர்ந்தாலும் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து அமருங்கள். மற்றதை ஆட்டம் தானே கற்பிக்கும்.